நெக்ஸ்ற் கணனியும் ஒலியின் கணிதமும்

கணனியின் வரலாற்றை எழுதுவோர் எண்ணையும் எழுத்தையும் பற்றியே விரிவாகப் பேசுவர். ஒலி அவ்வரலாற்றிற் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகின்றது. ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் வெளியிட்ட மேசைக் கணனி, சிறு ஒலிபெருக்கியொன்றினாற் கீச்சிடுவதற்கு மேல் அதிகம் அறியாதது. 1982இல் வந்த கொமடோர் 64 மூன்று குரல்களில் இசைக்க வல்லதாயினும், அதன் ஒலிகள் சில்லினுள் முன்னரே வகுக்கப்பட்ட அலைவடிவங்களுக்குள் அடங்கியவை.

அப்பிள் நிறுவனத்திலிருந்து 1985இல் வெளியேறிய ஸ்ரீவ் ஜொப்ஸ், பல்கலைக்கழகங்களை முன்னிறுத்தி ஆக்கிய நெக்ஸ்ற் கணனி 1988 ஒக்ரோபர் 12ஆம் நாள் அறிமுகமாயிற்று. அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட இடம் சான் பிரான்சிஸ்கோவின் டேவிஸ் சிம்பொனி மண்டபம். வயலின் கலைஞர் ஒருவர் பாக்கின் கொன்சேர்ட்டோ ஒன்றை அக்கணனியுடன் இணைந்து வாசித்தார். விளம்பர உத்திதான், எனினும் வெறும் விளம்பரமன்று.

அக்கரிய கனசதுரப் பெட்டியினுள், பொதுக் கணிப்பிற்குரிய மொற்றரோலா 68030 சில்லின் அருகே 56001 எனும் மற்றொரு சில்லும் இருந்தது. பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் முடிப்பது அதன் சிறப்பு. செக்கனுக்கு 44,100 மாதிரிகள் வீதம், 16 பிற் அளவில், இறுவட்டின் தரத்தில் இரு செவிக்குமான ஒலியைக் கணனி வழங்கிற்று. அச்சில்லு எந்த வாத்தியத்தையும் முன்னறிந்ததன்று; எழுதப்படும் நிரலே வாத்தியமாயிற்று.

ஓர் உதாரணம் நோக்குவோம். ஒழுங்கற்ற எண்கள் சிலவற்றை வரிசையாக நிறுத்தி, அடுத்தடுத்த இரண்டின் சராசரியைக் கண்டு, அதனை மீண்டும் அவ்வரிசையிற் செலுத்திக்கொண்டே இருந்தால், மீட்டிய நரம்பின் நாதம் பிறந்து மெல்லத் தேய்கின்றது. வரிசையின் நீளமே சுருதியை நிர்ணயிக்கின்றது. காப்பிளஸ், ஸ்ரோங் ஆகியோர் 1983இல் வெளியிட்ட இம்முறையை அவ்வாண்டிலேயே விரிவாக்கிய டேவிட் ஜாஃபி, ஜூலியஸ் சிமித் இருவருமே பின்னர் நெக்ஸ்ற்றின் இசைநிரற் தொகுதியை ஆக்கினர். ஆய்வுக் கட்டுரையிலிருந்த கணிதம் மாணவனின் மேசைக்கு வரக்கூடியதாயிற்று.

ஆனால் எத்தனை மாணவரின் மேசைக்கு? இதன் விலை 6,500 டொலர். பல்கலைக்கழகத்தார் எதிர்பார்த்ததோ ஏறத்தாழ 3,000 டொலர். யாருக்கென ஆக்கப்பட்டதோ அவர்களே வாங்கவியலாத விலை! இதன் தோல்விக்குப் பிற காரணங்கள் கூறப்படினும் இதுவே தலையாயது என்பது எமது கருத்து. இன்னொரு முரணும் உண்டு. இறுவட்டுத் தரத்தில் ஒலித்த இக்கணனியின் நுண்பன்னி, தொலைபேசித் தரத்திலேயே கேட்டது. மின்னஞ்சலிற் குரலை இணைத்தனுப்ப அது போதும். இசையைப் பதிவுசெய்யப் போதாது.

ஏறத்தாழ 50,000 கணனிகளே ஆக்கப்பட்ட நிலையில், 1993இல் வன்பொருள் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பொதுச் சில்லுகளின் வேகம் பெருகவே, ஒலிக்கென அத்தகைய தனிச்சில்லு மேசைக் கணனிக்கு இன்றியமையாததாக இருக்கவில்லை. இசைநிரற் தொகுதி மட்டும் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் கணனி இசை ஆய்வு நிலையத்தின் பராமரிப்பிற்குச் சென்றது.