மடிக்கணினி வெப்பத்தால் அணைதல்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினி திடீரென அணைந்துபோவதற்கு மிகை வெப்பம் ஒரு முக்கியக் காரணமாகும். பலரும் இதைக் கருவி கெட்டுவிட்டதன் அடையாளமாகக் கருதுகின்றனர். உண்மையில் இது கணினி தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடாகும். மின்னணுக் கணினி தோன்றிய காலத்திலேயே இந்த ஏற்பாடும் தோன்றிவிட்டது.

தொடக்கக் காலம்

1946இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது சுமார் 150 கிலோவாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டது. அது முழுவதும் வெப்பமாகவே வெளிப்பட்டது. அதனால் காற்றூதிகளுடன், வெப்பம் வரம்பு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் அமைப்பும் அதில் பொருத்தப்பட்டது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1960இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த டிஃப்ராக் கணினியிலும் சுமார் 2,700 வெற்றிடக் குழல்கள் இருந்தன.

சில்லுக்குள் வந்த காவல்

பின்னர் கணினி முழுவதும் சிறு சில்லுகளுக்குள் அடங்கியது. வெப்பமும் அந்தச் சிறு பரப்பில் குவிந்தது. 1995இல் இன்டெல் வெளியிட்ட பென்டியம் புரோ செயலியில், சில்லுக்குள்ளேயே வெப்ப உணரி இடம்பெற்றது. ஆபத்தான சூடு ஏறினால் அது செயலியை நிறுத்திவிடும். பின்வந்த செயலிகள், சூடு ஏறும்போது முதலில் வேகத்தைக் குறைக்கும். அதுவும் போதாதபோதுதான் அணையும்.

மடிக்கணினியில் பெரிய விசிறிக்கு இடமில்லை. அங்கு உதவுவது வெப்பக்குழாய். 1963இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதை உருவாக்கிக் காட்டினார். மூடிய செப்புக் குழாயில் உள்ள சிறிதளவு நீர், செயலியின் பக்கம் ஆவியாகி, விசிறியின் பக்கம் குளிர்ந்து மீண்டும் நீராகிறது. அங்குள்ள மெல்லிய தகடுகளின் வழியே விசிறி சூட்டை வெளியேற்றுகிறது.

தமிழ்நாட்டில்

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. குளிரூட்டிய அறையில் இருந்துவந்த கருவி, ஓட்டு வீட்டுக்கும் தகரக் கூரை வீட்டுக்கும் வந்தது. திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் போன்ற சமவெளி ஊர்களில் கோடைப் பகலின் வெப்பம் கடுமையானது. விசிறியால் அறைக் காற்றைத்தான் ஊத முடியும். அதைவிடக் குளிர்ச்சியான காற்றைத் தர முடியாது. 2012இன் நீண்ட மின்வெட்டுகளில் வீட்டு விசிறியும் நின்றுபோனது. ஆத்தூர் தொகுதியிலுள்ள சின்னாளப்பட்டி போன்ற நெசவு ஊர்களில் பஞ்சுத் தூசியும் இதனுடன் சேர்கிறது.

கண்டறியும் முறை

• மெத்தை, தலையணை மீது வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். மேசையில் அல்லது பலகையில் வைத்துச் சோதிக்க வேண்டும்.
• விசிறி ஓசையையும், வெளிவரும் காற்றையும் கவனிக்க வேண்டும். விசிறி சுழன்றும் காற்று வராவிட்டால், தகடுகளில் தூசி படிந்திருக்கலாம்.
• கணினியை அணைத்து, மின்னிணைப்பை நீக்கிய பின்னரே தூசியை ஊத வேண்டும். அப்போது விசிறி சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.
• தூசி நீங்கியும் அணைந்தால், செயலிக்கும் வெப்பக்குழாய்க்கும் இடையிலுள்ள பசை உலர்ந்திருக்கலாம். பழுதுநீக்குபவர் அதை மாற்றித் தருவார்.
• ஆறிய நிலையிலும் உடனே அணைந்தால், காரணம் பெரும்பாலும் வெப்பம் அன்று. மின்கலம், மின்னேற்றி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். மின்கலம் உப்பியிருந்தால் மின்னேற்றம் செய்யக் கூடாது.

தூசியால் மட்டும் அணையும் மடிக்கணினி, சுத்தம் செய்தால் மீண்டும் இயங்கும். அதைக் கெட்டுப்போனதாக எண்ணிப் பழைய பொருள் கடையில் போடும் முன், இவற்றை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.