மக்கள சந்தெ: பள்ளி முற்றத்தில் ஒரு பொருளியல் பாடம்

பெங்களூரு உள்ளிட்ட கர்நாடகப் பகுதிகளின் பள்ளிகளில் நடைபெறும் ‘மக்கள சந்தெ’ என்பது குழந்தைகள் சந்தை. ‘மக்கட்பேறு’ என்னும் குறள் அதிகாரத் தலைப்பில் உள்ள பொருள் கன்னடத்தில் இன்றும் வழங்குகிறது. மாணவர்கள் கீரையும் காய்கறியும் கொணர்ந்து விற்று, எடை, சில்லறை, இலாபம் ஆகியவற்றைப் பழகுகின்றனர்.

வகுப்பறைச் சந்தைக்கு வேறொரு மரபும் உண்டு. ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லின், விலை வரம்பு எழுதிய அட்டைகளை மாணவர்களுக்குத் தந்து பேரம் பேசச் செய்தார். ஏடு கூறும் சமநிலை அங்கு அமையவில்லை என 1948-இல் எழுதினார். அத்தகைய ஆட்டத்தில் பங்கேற்ற மாணவர் வெர்னன் ஸ்மித், 1956-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் விதியை மாற்றினார். வாங்குவோரும் விற்போரும் கூறும் விலை அனைவர் செவியிலும் விழுந்தது. ஆட்டம் பல சுற்று நடந்தது. விலை சமநிலையை நெருங்கியது. 2002-இல் அவர் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்வேறுபாடே பள்ளிக்கான பாடம். சந்தை கூடிக் கலைந்தால் வரவுசெலவுக் கணக்கு மட்டுமே மிஞ்சும். ஒரே கீரைக்கட்டு தொடக்கத்தில் ஒரு விலைக்கும் முடிவில் மற்றொரு விலைக்கும் ஏன் போயிற்று என்னும் வினா மறுநாள் வகுப்பில் எழும்போதுதான் அது பொருளியலாகிறது.