நாற்காலியை அறுத்தவர்

ஒரு நாற்காலி நாசமானதால் ஒரு வியாபாரம் பிறந்த கதை உங்களுக்குத் தெரியுமா?

வருடம் 1961. இடம் இங்கிலாந்து. ரான் ஹிக்மன் என்பவர் வீட்டில் துணி அலமாரி செய்துகொண்டிருந்தார். தொழில்முறை தச்சர் இல்லை. லோட்டஸ் கார் கம்பெனியில் டிசைனர். அடுத்த வருடம் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற லோட்டஸ் எலான் கார், அவர் கைவண்ணம்தான். காரை வடிவமைக்கத் தெரிந்தவருக்கு, பலகையை எதன்மேல் வைத்து அறுப்பது என்பதுதான் பிரச்னையாகிவிட்டது. பட்டறை மேசை கிடையாது. பக்கத்தில் அழகான ஸ்வீடன் நாட்டு நாற்காலி இருந்தது. பலகையை அதன்மேல் வைத்தார். ரம்பத்தை ஓட்டினார். பலகையோடு சேர்ந்து நாற்காலியும் அறுபட்டது!

நம் ஊர்த் தச்சருக்கு இந்தத் தொல்லை கிடையாது. தரையில் உட்கார்ந்து, காலாலேயே மரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழைப்புளி தள்ளும் ஆசாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாதமே பிடி, கட்டைவிரலே இடுக்கி. வெள்ளைக்காரருக்கு அந்த வித்தை கைவராது. பாவம், காலில் பூட்ஸ் வேறு.

ஹிக்மன் யோசித்தார். மேசைதான் வேண்டும், ஆனால் வேலை முடிந்ததும் மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட வேண்டும். மரத்தைப் பிடிக்கத் தனியாக வைஸ் எதற்கு? மேசைப் பலகையையே இரண்டாகப் பிளந்தால்? இரண்டு பாதிகளும் நெருங்கி வந்து மரத்தைக் கவ்விக்கொள்ளட்டும். இரண்டு முனையிலும் தனித்தனித் திருகு கைப்பிடி. அதனால் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கிற கட்டையைக்கூடப் பிடிக்கலாம். பின்னாளில் 'வொர்க்மேட்' என்று பெயர் பெற்ற மேசை இதுதான்.

ஐடியா பிரமாதம். யாராவது தயாரித்து விற்க வேண்டுமே? பெரிய கருவிக் கம்பெனிகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஸ்டான்லி வேண்டாம் என்றது. சில டஜன் போகலாம், நூற்றுக்கணக்கிலெல்லாம் விற்காது என்பது அவர்கள் கணிப்பு. பிளாக் அண்ட் டெக்கரும் கையை விரித்தது. இன்னும் பல கம்பெனிகளில் இதே பதில்தான்.

அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர்கள் கண்ணில் பட்ட வாடிக்கையாளர் யார்? பட்டறை வைத்திருக்கும் தச்சர். அவரிடம் கனமான மேசை ஏற்கெனவே இருக்கிறது. மடக்கு மேசை அவருக்கு எதற்கு? ஆனால் அந்த வருடங்களில் பிரிட்டனில் வேறொரு கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது. ஆள் கூலி கட்டுப்படியாகாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் தானே ரம்பம் எடுத்த குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள். 1962-ல் பேரி பக்னெல் என்பவர் ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்துக் காட்டிய பி.பி.சி. தொடரை ஊரே உட்கார்ந்து பார்த்தது. சமையலறையில் அலமாரி அடிக்கும் அந்த மனிதர் கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தில் இல்லவே இல்லை. ஹிக்மனுக்கு அவரை நன்றாகத் தெரியும். அவரே அந்த ஆள்தானே!

1967-ல் லோட்டஸ் வேலையை விட்டார். 1968-ல் தானே விற்கத் தொடங்கினார். கடைகள் இல்லை, மொத்த வியாபாரி இல்லை. கருவிக் கண்காட்சிகளில் மேசையை விரித்துக் காட்டினார், தபால் மூலம் ஆர்டர் எடுத்தார்.

தபால் வியாபாரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அன்றைய வழக்கப்படி காசோலை முதலில் வரும், பெட்டி பிறகு போகும். கடைக்காரருக்குச் சரக்கைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் பணத்துக்கு நடக்கிற வேலை இல்லை. கையில் அதிகம் முதல் இல்லாத ஒருவருக்கு இது பெரிய வரம். வாங்குகிறவர் பணமே சரக்குச் செய்யும் பணமாகிவிடுகிறது.

வொர்க்மேட் விற்றது. சில டஜன்களோடு நிற்கவில்லை. 1972-ல், முன்பு கையை விரித்த அதே பிளாக் அண்ட் டெக்கர் ஒப்பந்தத்துக்கு வந்தது. 1973-ல் தங்கள் தொழிற்சாலையில் தயாரிப்பைத் தொடங்கினார்கள். கம்பெனியைத் திருப்பி அழைத்து வந்தது என்ன? ஹிக்மனின் பேச்சுத்திறமை இல்லை. முன்பின் தெரியாத ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிய கணக்கு. 2011-ல் தன் 78-வது வயதில் ஹிக்மன் காலமானபோது உலகம் முழுக்கச் சுமார் 3 கோடி வொர்க்மேட்கள் விற்றிருந்தன. இடையில் காப்பியடித்தவர்களை அவர் கோர்ட்டுக்கு இழுக்கவும் தயங்கவில்லை. கையில் பேடன்ட் இருந்தது.

இன்றைக்கு ஒரு ஹிக்மன் நாற்காலியை அறுத்தால் என்ன செய்வார்? கம்பெனிக் கதவைத் தட்டவே மாட்டார். வீடியோ எடுப்பார். கிக்ஸ்டார்ட்டரில் போடுவார்.

2009 ஏப்ரலில் நியூயார்க்கில் தொடங்கிய தளம் அது. 'இப்படியொரு கருவி செய்யப்போகிறேன், இவ்வளவு பணம் வேண்டும், கொடுத்தால் முதல் கருவி உங்களுக்கு' என்று அறிவிக்கலாம். குறித்த நாளுக்குள் கேட்ட தொகை சேர்ந்தால் பணம் கிடைக்கும். குறைந்தால் ஒரு பைசாவும் கிடையாது. சேர்ந்தால் தளத்துக்கு 5 சதவிகிதம். கிரவுட் ஃபண்டிங் என்று பெயர். ஊர் கூடித் தேர் இழுப்பது.

புதுசு என்று நினைக்காதீர்கள். 1618-லேயே லண்டன் தேம்ஸ் நதியில் படகோட்டிய ஜான் டெய்லர் இதைச் செய்தார். படகோட்டி, கூடவே கவிஞர். பையில் பணமே இல்லாமல் ஸ்காட்லாந்துக்கு நடந்துபோய்த் திரும்புகிறேன், பயணத்தைப் புத்தகமாகத் தருகிறேன், அப்போது பணம் கொடுங்கள் என்று சுமார் 1,600 பேரிடம் கையெழுத்து வாங்கினார். நடந்தார், திரும்பினார், புத்தகமும் போட்டார். ஏறக்குறையப் பாதிப் பேர் பணம் தரவில்லை! பொறுப்பாரா? 1619-ல் அவர்களைத் திட்டியே இன்னொரு புத்தகம் போட்டார். அதன் பெயர் 'கிக்ஸி வின்ஸி'. (கிக்ஸ்டார்ட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பொருத்தம்!) நம் ஊரில் உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோதும் முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கித்தான் துணிந்தார்.

டெய்லர் காலத்தில் ஏமாந்தது உழைத்தவர். இப்போது பணம் முதலில் வந்துவிடுவதால் ஆபத்து கூட்டத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது. பி.காம். படித்த புத்திக்கு இங்கேதான் உறுத்துகிறது.

ஒரு கணக்குப் போடுங்கள். நீங்கள் ஒரு நல்ல மூலைமட்டம் செய்து 2,000 ரூபாய்க்குத் தருவதாக அறிவிக்கிறீர்கள். 500 பேர் பணம் கட்டுகிறார்கள். பத்து லட்சம்! வீட்டில் பாயசம். பொறுங்கள். அந்தப் பத்து லட்சத்தைக் கணக்குப் புத்தகத்தில் எங்கே எழுதுவீர்கள்? வருமானத்தில் எழுதினால் ஆடிட்டர் அடிக்க வருவார். அது பொறுப்பு, அதாவது கடன். ஐந்நூறாவது ஆளின் வீட்டு வாசலில் ஐந்நூறாவது மூலைமட்டம் போய்ச் சேரும்வரை அது உங்கள் பணம் இல்லை. அதிலிருந்துதான் தளத்தின் கமிஷன், அச்சு வார்க்கும் செலவு, எஃகு, கடைசல் கூலி, பெட்டி, தபால் எல்லாம். முதல் லாட்டில் ஐம்பது மட்டம் ஒரு நூல் கோணலாக வந்தால் அதையும் நீங்கள்தான் விழுங்க வேண்டும். கோணல் மூலைமட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்? அடுப்பெரிக்கக்கூட உதவாது.

பெரிய இடத்திலும் இதுதான் நடந்தது. மரப்பலகையை லேசரால் வெட்டும் மேசைக் கருவி ஒன்றை 2015-ல் அறிவித்தது அமெரிக்காவின் குளோஃபோர்ஜ் கம்பெனி. தங்கள் சொந்தத் தளத்திலேயே முப்பது நாளில் வந்த முன்பதிவு 2.79 கோடி டாலர். அந்தச் சமயத்தில் அது ஒரு சாதனை. கருவி? தேதி தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. பணம் கட்டியவர்களில் ஏராளமானோர் 2017 வரை காத்திருந்தார்கள். கருவி வந்தது என்பது உண்மை. ஆனால் அதுவரை மன்னிப்புக் கடிதங்கள்தான் வந்துகொண்டிருந்தன.

பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மாலிக் இதை ஆராய்ந்தார். கிக்ஸ்டார்ட்டரில் பணம் கட்டிய சுமார் 47,000 பேரைக் கேட்டு 2015-ல் அவர் சொன்ன விடை: பணம் சேர்ந்த திட்டங்களில் 9 சதவிகிதம் சொன்ன பொருளைக் கொடுக்கவே இல்லை. நூற்றுக்கு ஒன்பது. சீட்டுக் கம்பெனிகளைப் பார்த்த நமக்கு இது ஒன்றும் பயங்கரமாகத் தெரியாது. ஆனால் அவரே முன்பு ஆராய்ந்தபடி, தாமதம்தான் மலிந்திருக்கிறது. முக்கால்வாசித் திட்டங்கள் சொன்ன தேதியைத் தவறவிட்டிருந்தன.

இன்னொரு ஆபத்து, வீடியோவே. ஹிக்மனிடம் பேடன்ட் இருந்தது. விண்ணப்பிக்காமல் உலகத்துக்கே காட்டிவிட்டால், புதுமை போய்விட்டது என்று பல நாடுகளில் பேடன்டே கிடைக்காது. 2016-ல் கிக்ஸ்டார்ட்டரில் 64 லட்சம் டாலர் திரட்டிய 'ஃபிட்ஜெட் க்யூப்' என்ற விரல் விளையாட்டுப் பொருளுக்கு, அசல் பார்சல் போய்ச் சேரும் முன்பே காப்பிகள் சந்தையில் குவிந்தன.

அப்படியானால் யார் தப்பித்தார்கள்? அதே 2016-ல் வந்த 'மாஸ்லோ'வைப் பாருங்கள். எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையைக் கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் கருவி. இப்படிப்பட்ட எந்திரங்கள் அறையை அடைக்கும், விலை ஆயிரக்கணக்கான டாலர். மாஸ்லோக்காரர்கள் பலகையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தார்கள். இரண்டு மூலையிலும் மோட்டார், இரண்டு சங்கிலி, நடுவில் தொங்கும் வெட்டுக் கருவி. விலை 500 டாலருக்குள். எப்படிக் கட்டுப்படியானது? மரச்சட்டத்தை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள், வெட்டும் ரூட்டரை நீங்களே கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்! மோட்டார், சங்கிலி, சர்க்யூட் போர்டு மட்டும் தபாலில் வரும். வரைபடம் முழுக்க இலவசம், யாரும் காப்பியடிக்கலாம். 3 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. வாங்கியவர்களே பிழை கண்டுபிடித்து, அவர்களே திருத்தி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். 2023-ல் நான்காவது வடிவத்தோடு மாஸ்லோ மறுபடியும் கிக்ஸ்டார்ட்டருக்கு வந்தபோதும் பணம் கட்ட ஆள் இருந்தது.