ஸ்கேன்

“நாளைக்கு ஸ்கேன்” என்று ஹட்டன் பக்கத்து லயத்தில் ஒருவர் சொன்னால், கிளங்கன் ஆஸ்பத்திரிப் பயணம் என்று அடுத்த வீட்டுக்கும் புரிந்துவிடும். சொல்லின் வேரோ ஆஸ்பத்திரியில் இல்லை, மலையேற்றத்தில் இருக்கிறது. இலத்தீனில் ‘ஸ்காந்தெரே’ என்றால் ஏறுதல். செய்யுளின் தாளத்துக்குக் காலைத் தூக்கி வைத்ததில் அது யாப்பை அலகிடுதல் ஆயிற்று. பிறகு நுணுகிப் பார்த்தல், பிறகு உடம்பை வரிவரியாகப் படமெடுத்தல். நாமும் நேர், நிரை என்றுதானே அலகிடுகிறோம்! தேயிலை மலையில் கொழுந்தெடுக்கப் பிரித்துக் கொடுப்பதும் நிரைதான். இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சீ.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிரால் உடம்பைச் சுற்றிவந்து குறுக்குத் துண்டுகளாகக் காட்டும். முதல் நோயாளிக்கு 1971இல் இலண்டனில் எடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கான ஸ்கேனில் கதிரே கிடையாது, ஒலி மட்டும்தான். கூப்பிட்ட குரல் எதிர்மலையில் பட்டுத் திரும்புவதுபோல அந்த ஒலி திரும்பி வந்து படமாகிறது. எதிரொலி தராத நீர் கறுப்பு, பலமாகத் திருப்பும் எலும்பு வெள்ளை. நுவரெலியா பனிமூட்டம் போன்ற அந்தப் படத்தில் மூக்கை முதலில் கண்டுபிடிப்பவர் அம்மாயிதான்: “அப்படியே தாத்தா மூக்கு!”