உணவுப் பிரமிடும் கால் கால் அரையும்: லூமுட் வட்டாரத் தமிழரை முன்வைத்து

லூமுட்டைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த டிண்டிங்ஸ், 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாக ஆளப்பட்டு, 1935இல் மீண்டும் பேராக்குடன் இணைந்தது. அதன் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்குச் சோறே முதன்மை உணவு.

அன்றைய மலாயாவில் வெள்ளை அரிசியுண்ட சீனத் தொழிலாளர் பலர் பெரிபெரி நோயால் மாண்டனர். புழுங்கலரிசியுண்ட தமிழரை அந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் பிளெட்சர் 1905இல் தொடங்கிய ஆய்வு, நோய்க்கும் அரிசி வகைக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. புழுங்கலரிசியை உண்ணுமாறு தோட்ட மக்களுக்கு எந்தப் படமும் சொல்லவில்லை, பழக்கமே சொல்லிற்று.

படம் பின்னரே வந்தது. 1974இல் சுவீடனின் கூட்டுறவு அமைப்பொன்றில் பணியாற்றிய அன்னா-பிரிட் ஆக்ன்சேத்தர் உணவுப் பிரமிடை வகுத்தார். விலைவாசி உயர்ந்திருந்த காலமாதலின் மலிவான அடிப்படை உணவுகளே அதன் அடித்தளத்தில் இடம்பெற்றன. 1992இல் அமெரிக்க வேளாண்துறையும் பிரமிடை ஏற்றது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுப் பிரமிடிலும் சோறு, மீ, ரொட்டி ஆகியன அடியில் நின்றன. அடித்தளமே அகன்றது, எனவே சோற்றை நிறைய உண்க என்பதே நம்மவர் அதில் கண்ட பொருளாக இருந்திருக்கக் கூடும். ஏற்கெனவே சோறு குவிந்த தட்டுக்கு இஃது ஒப்புதல் முத்திரை அன்றோ! 2020ஆம் ஆண்டுப் பிரமிடில் காய்கனிகள் அடித்தளத்திற்கு இறங்கின. சோறு மேலே சென்றது.

இம்மாற்றம் சிறிதன்று. 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையேதான் மிகுதி. உணவுப் பொட்டலங்களின் சத்துப் பட்டியலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ அமைவது. தமிழ் மட்டுமே அறிந்த முதியோர்க்கு அது பயன்படாது. அவர்க்குப் படமே துணை.

அவ்வகையில் சுகாதார அமைச்சு பரப்பிவரும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ தட்டுப்படம் பிரமிடினும் தெளிவானது என்பது நம் கருத்து. பிரமிடில் பரிமாறும் அளவுகளை எண்ணிக் கூட்ட வேண்டும். தட்டில் பரப்பே அளவு. கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கனி. வாழையிலையில் ஒவ்வோர் உணவுக்கும் இடமுண்டு, அளவுக்கு எல்லை இல்லை. கால், அரை என்னும் சொற்களைத் தமிழ்ப் பள்ளி மாணவர் கணக்குப் பாடத்திலேயே கற்கின்றனர். அத்தட்டில் பங்கோர் நெத்திலியும் முருங்கைக் கீரையும் வரையப்படின், பாட்டியிடம் அதனை விளக்க அம்மாணவர்க்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.