தில்லி மகளிர் மாநாடும் (1928) எல்லை கடந்த பெண்ணியக் கற்றலும்

முன்னுரை

இந்தியப் பெண்ணுரிமை இயக்கம் மேலைநாட்டுக் கருத்துகளின் வார்ப்பு என்பாரும், முற்றிலும் இம்மண்ணிற்கே உரியது என்பாரும் உளர். இவ்விரு முடிபுகளும் முழுமையானவை அல்ல. 1928இல் தில்லியில் நடைபெற்ற அகில இந்திய மகளிர் மாநாட்டை முன்னிறுத்தி, பிறநாட்டுப் பெண்ணியரிடம் கற்றல் எவ்வகையில் நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

அயர்லாந்தும் அடையாறும்

அயர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் கசின்ஸ் 1908இல் ஐரிஷ் மகளிர் வாக்குரிமைக் கழகத்தை நிறுவியோருள் ஒருவர். வாக்குரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டு 1910இல் லண்டன் ஹாலோவே சிறையில் இருந்தவர். 1915இல் இந்தியா வந்த அவர், 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றுவதற்குத் துணைநின்றார். அவ்வாண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையிலான மகளிர் குழு, சென்னையில் இந்திய அமைச்சர் மாண்டேகுவைக் கண்டு வாக்குரிமை வேண்டிற்று. 1921இல் சென்னைச் சட்டமன்றம் அவ்வுரிமையை வழங்கியது. எனினும் அது சொத்துத் தகுதியுடைய பெண்டிர்க்கே கிட்டியது.

தில்லி மாநாடு

பெண்களுக்கு எத்தகைய கல்வி வேண்டும் என வினவி, 1926இல் கசின்ஸ் நாடெங்குமுள்ள மகளிர்க்கு மடல் விடுத்தார். அதன் பயனாக 1927 ஜனவரியில் முதல் மாநாடு புனேயில் கூடிற்று. கல்வியைப் பற்றிப் பேசக் கூடியோர், சிறுமியர் கல்வியைக் குழந்தை மணம் இடையிலேயே முறிப்பதை உணர்ந்தனர். போபால் பேகம் சுல்தான் ஜஹான் தலைமையில் தில்லியில் நடந்த இரண்டாம் மாநாடு, மண வயதை உயர்த்தும் சாரதா மசோதாவிற்கு ஆதரவு திரட்டியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 எனக் குறைந்த அளவு வயதை வரையறுத்த அச்சட்டம் 1929இல் நிறைவேறியது. தில்லி லேடி இர்வின் கல்லூரி 1932இல் தோன்றியதும் இம்மாநாட்டு முயற்சியின் விளைவே. மனு, தீர்மானம், தூதுக்குழு ஆகிய போராட்ட முறைகளை வாக்குரிமை இயக்கம் முன்னரே கையாண்டிருந்தது. கோரிக்கையையோ இந்நாட்டு மகளிர் தம் வாழ்விலிருந்து எடுத்தனர் என்பது இதனால் புலனாகிறது.

கற்றலும் மேலாண்மையும்

கேதரின் மேயோவின் 'மதர் இந்தியா' 1927இல் வெளிவந்தது. குழந்தை மணத்தைக் காட்டி இந்தியர் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர் என அந்நூல் வாதிட்டது. 1929 அக்டோபரில் எலினார் ராத்போன் இந்தியப் பெண்கள் நிலை குறித்து லண்டனில் ஒரு மாநாடு கூட்டினார். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் முன்னர்ப் பணியாற்றிய தன்வந்தி ராமராவ் அவ்வரங்கிலேயே எழுந்து, இந்தியாவின் சமூகக் குறைகளைப் பற்றி மாநாடு கூட்டப் பிரித்தானிய மகளிர்க்கு என்ன உரிமை உண்டு என வினவினார். குழந்தை மணத்தை அவரும் எதிர்த்தவரே. குறையை மறுக்காமல், பிறர் தமக்காகப் பேசுவதை மட்டும் அவர் மறுத்தார் என்பது நோக்கத்தக்கது. கசின்ஸோ அரசின் அவசரச் சட்டத்தை எதிர்த்துப் பேசி, 1932இல் வேலூர் மகளிர் சிறைக்குச் சென்றார்.

முடிவுரை

அயலார் வினாவை எழுப்பி, விடையை உரியவரிடம் விட்டு, துன்பத்திலும் பங்கேற்றபோது கற்றல் நிகழ்ந்தது. விடையையும் தாமே கூற முற்பட்டபோது அது மேலாண்மை ஆயிற்று. இவ்வளவுகோல் இம்மாநாட்டிற்கும் பொருந்தும். ஆங்கிலம் கற்ற உயர்குடி மகளிரே அதில் மிகுதியாகப் பேசினர். உழைக்கும் பெண்டிர்க்காகப் பிறரே பேசினர். ஆதலின் இந்திய மாதர் சங்க இதழான 'ஸ்திரீ தர்ம'த்தின் ஆங்கிலப் பக்கங்களோடு தமிழ்ப் பக்கங்களையும் ஒப்பிட்டு, யார் யாருக்காகப் பேசினர் என ஆராய்தல் தமிழாய்வாளர் கடனாகும்.