ஸ்டேட்டின் மருந்துகளும் தசைச் சிதைவும்: வரலாறு

இரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்க இன்று பெரிதும் பயன்படுவது ஸ்டேட்டின் வகை மருந்து. கல்லீரல் கொலஸ்ட்ராலை உருவாக்கத் தேவையான ஒரு நொதியை இது தடுக்கிறது. இதனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறைகின்றன. இதன் பக்கவிளைவுகளுள் அதிகம் பேசப்படுவது தசைப் பாதிப்பு. அது பிற்காலத்தில் தெரியவந்ததன்று. மருந்தின் தொடக்க நாட்களிலேயே வெளிப்பட்டது.

முதல் எச்சரிக்கை

ஜப்பானின் சாங்க்யோ நிறுவனத்தில் அகிரா எண்டோ குழுவினர் சுமார் 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்து, 1973இல் ஒரு பூஞ்சையிலிருந்து காம்பாக்டின் என்ற முதல் ஸ்டேட்டினைக் கண்டறிந்தனர். 1978இல் ஒசாகாவில் மருத்துவர் அகிரா யமமோட்டோ, பரம்பரையாக மிகை கொலஸ்ட்ரால் கொண்ட 18 வயதுப் பெண்ணுக்கு அதைக் கொடுத்தார். கொலஸ்ட்ரால் குறைந்தது, ஆனால் தசைகள் பலவீனமடைந்தன. மருந்தை நிறுத்தி, பின்னர் அளவைக் குறைத்துக் கொடுத்தனர். குறைந்த அளவு பெற்ற மற்ற நோயாளிகளிடம் கொலஸ்ட்ரால் சராசரியாக 30 விழுக்காடு குறைந்தது. 1987இல் லோவாஸ்டேட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

2001 நிகழ்வு

பேயர் நிறுவனத்தின் செரிவாஸ்டேட்டின் 1997இல் விற்பனைக்கு வந்தது. அதை உட்கொண்ட சிலருக்கு ராப்டோமயோலிசிஸ் என்னும் கடும் தசைச் சிதைவு ஏற்பட்டது. இதில் சிதைந்த தசையின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். அமெரிக்காவில் 31 இறப்புகள் பதிவாயின. அவர்களுள் 12 பேர் ஜெம்ஃபைப்ரோசில் என்ற மற்றொரு கொழுப்புக் குறைப்பு மருந்தையும் உட்கொண்டவர்கள். மருந்தின் அளவு கூடியதும், இரு மருந்துகள் சேர்ந்ததும் ஆபத்தைப் பெருக்கின. 2001 ஆகஸ்டில் அம்மருந்து சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இன்றைய நிலை

தற்போதுள்ள ஸ்டேட்டின்களை 10,000 பேர் 5 ஆண்டுகள் உட்கொண்டால், சுமார் 5 பேருக்குத் தசைநோய் வரலாம் என 2016இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வுரை மதிப்பிட்டது. சாதாரண தசைவலிப் புகார்களுள் 90 விழுக்காட்டுக்கு மேல் மருந்தால் வருவதில்லை என 2022ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. எனவே வலி வந்தவுடன் மாத்திரையைத் தாமே நிறுத்துவது சரியன்று. கடும் தசைவலி, பலவீனம், பழுப்பு நிறச் சிறுநீர் ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவரை அணுக வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் சில ஸ்டேட்டின்களின் அளவை இரத்தத்தில் உயர்த்தும்; ஆதலால் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்தியாவில் பக்கவிளைவுகளைத் தெரிவிக்க 2010 முதல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் செயல்படுகிறது. அதன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.